உடலும் உபதேசமும்: ஒரு நூறு ஆண்டுக் கணக்கு

கடந்த வருடம் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று வாரங்கள் இருந்தபோது, 800 மீற்றர் ஓட்டப் பயிற்சியில் இரண்டாம் சுற்றின் பாதியிலேயே நான் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது ஹிரா இல்லத்துத் தோழிகள் இருவர் எனக்கு மேலே குடை பிடித்திருந்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்ததும் விளையாட்டு டீச்சர் குளுக்கோஸ் கரைத்துத் தந்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "காலையில என்ன சாப்பிட்டீங்க மகள்?"

நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அன்று மட்டுமல்ல, பன்னிரண்டு நாட்களாகவே காலைச் சாப்பாட்டை விட்டிருந்தேன். பகலில் அரைக் கோப்பைச் சோறு. இரவில் பிளேன்டியும் இரண்டு பிஸ்கட்டும். பதினான்கு நாட்களில் இடுப்பைச் சுருக்கலாம் என்று கைத்தொலைபேசியில் ஒரு காணொளி சொல்லியிருந்தது. "யார் சொன்ன?" என்று டீச்சர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பெயர் தெரியாத, ஊர் தெரியாத, என் வயதையும் எடையையும் அறியாத ஒருத்தியின் பேச்சை உம்மாவின் பேச்சைவிட நான் நம்பியிருக்கிறேன்.

அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. "இப்படி இரு, இதைச் செய், இதை உண்" என்று உடலைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் உபதேசங்கள் எங்கிருந்து வருகின்றன? நூறு வருடங்களுக்கு முன்னர் என்ன சொன்னார்கள்? அன்றைய உடல்கள் எப்படி இருந்தன? வாசிகசாலையிலும் வீட்டிலும் தேடி அறிந்தவற்றைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். மூத்தாப்பாவின் புகைப்படம் ஒன்று எங்கள் அலுமாரியில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டளவில் எடுத்தது. அப்போது திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது; 1957இல்தான் அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. மூத்தாப்பாவுக்கு டொக்யார்டில் சுமை தூக்கும் வேலை. படத்தில் சாரனை மடித்துக் கட்டியபடி நிற்கிறார். கைகளில் நரம்புகள் கயிறு போல் ஓடுகின்றன. வயிறு ஒட்டியிருக்கிறது. விலா எலும்புகளை எண்ணலாம். அந்தக் கைகளைப் பார்த்துப் பொறாமைப்படும் என் நானா, அந்த விலா எலும்புகளைப் பார்த்ததும் பேசாமல் படத்தை வைத்துவிடுவார்.

மூத்தம்மாவுக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. "அந்தக் காலத்தில நீங்க என்ன எக்சசைஸ் செஞ்ச மூத்தம்மா?" என்று கேட்டேன். வெற்றிலை வாயோடு சிரித்தார். "எக்சசைஸா? நெல்லுக் குத்தி, கிணத்துல தண்ணி அள்ளி, காட்டுல விறகெடுத்து வந்து சேர மஹ்ரிப் ஆகிரும் புள்ள. அதுக்குப் பொறகு எங்கால எக்சசைஸ்?"

உரலும் உலக்கையும், அம்மியும் ஆட்டுக்கல்லும், துலாவும் வாளியும்தான் அன்றைய பெண்களின் உடற்பயிற்சிச் சாலை. ஆண்களுக்குத் தோணியும் கரைவலையும் வயலும் துறைமுகத்துச் சுமையும். உடல் வேலையால் உருவானது. உடலை உருவாக்குவதற்கென்று தனியாக ஒரு வேலை யாருக்கும் தேவைப்படவில்லை.

இதைக் கேட்டு, "அந்தக் காலத்தில் எல்லாரும் ஆரோக்கியமாக இருந்தார்கள்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது உண்மையல்ல. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். எங்கள் வரண்ட வலயத்தில் அந்தக் காய்ச்சல் வருடாவருடம் வரும் விருந்தாளி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. மக்கள் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள். 1946இல் டீ.டீ.ரீ. மருந்து தெளிக்கத் தொடங்கிய பின்னரே மலேரியா வேகமாகக் குறைந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆகவே மூத்தாப்பாவின் மெலிவுக்கு வேலை ஒரு காரணம் என்றால், பசியும் காய்ச்சலும் இன்னொரு காரணம்.

அதனால்தான் அன்றைய உபதேசம் இன்றைய உபதேசத்துக்கு நேர்மாறாக இருந்தது. "நல்லாத் தின்னு, உடம்பு பிடி" என்பதே பெரியவர்களின் துஆ. பூசினாற்போல் இருந்த பெண்தான் வசதியான வீட்டுப் பிள்ளை. இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1930களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் மெலிந்த பெண்களுக்குச் சதை பிடிக்க வைக்கும் மாத்திரைகள் விளம்பரம் செய்யப்பட்டன. அன்று கூட்டுவதற்கு மாத்திரை விற்றார்கள். இன்று குறைப்பதற்கு விற்கிறார்கள். "நீ இப்போது இருப்பதுபோல் இருந்தால் போதாது" என்ற பேச்சு மட்டும் இரண்டு காலத்திலும் ஒன்றுதான்.

நம் பிரதேசத்தில் உடலைப் பழக்கும் கலைகளும் இருந்தன. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி, பொல்லடி ஆகியவற்றை அண்ணாவியார்கள் பழக்கினார்கள். கால் வைப்பு, கை வீச்சு, மூச்சு, தாளம் எல்லாவற்றையும் அவர்களிடம் கற்க வேண்டும். ஆனால் அண்ணாவியார் யாருடைய புயத்தையும் நாடா பிடித்து அளந்ததில்லை. கம்பு சரியாகச் சுழல்கிறதா என்பதையே பார்த்தார்.

உடலை நாடா பிடித்து அளக்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் யூஜின் சாண்டோ. 1867இல் ஜேர்மனியப் பகுதியில் பிறந்தவர். பண்டைய கிரேக்கச் சிலைகளின் அளவுகளைத் தன் உடலுக்கு இலக்காக வைத்தார். 1901 செப்டெம்பரில் லண்டன் ரோயல் அல்பேர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடலழகுப் போட்டிக்கு, ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆதர் கொனன் டொயிலும் நடுவராக அமர்ந்தார். சாண்டோ 1904, 1905ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டினார். அதன் பிறகு அவருடைய பெயரே தமிழில் பட்டமாகிவிட்டது. பலசாலியாக இருந்து திரைப்படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவரையும் "சாண்டோ" என்ற அடைமொழியோடுதான் தமிழுலகம் அறிந்தது.

அதே காலத்தில் இன்னொரு வகை உடலும் உலகின் பார்வைக்கு வந்தது. காமா பஹல்வான் என்ற முஸ்லிம் மல்யுத்த வீரர் 1910இல் லண்டனுக்குச் சென்றார். பெரிய உருவம் கொண்ட போலந்து வீரர் ஸ்பிஸ்கோவுடன் மோதினார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நீடித்த அந்தப் போட்டி சமநிலையில் முடிந்தது. மறு போட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். அவர் வளர்ந்தது தண்டாலிலும் பைட்டக்கிலும். அதாவது தரையில் கை ஊன்றி எழுவதிலும், குந்தி எழும்புவதிலும். சிலை போன்ற உடல் அவருடைய இலக்கல்ல. எதிராளியைச் சாய்ப்பதே இலக்கு.

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் விளங்குகிறது. ஒன்று, உடல் என்ன செய்யும் என்று கேட்பது. மற்றது, உடல் எப்படித் தெரியும் என்று கேட்பது. நூறு வருடங்களாக உபதேசம் மெல்ல மெல்ல இரண்டாவது கேள்வியின் பக்கம் சாய்ந்துகொண்டு வந்திருக்கிறது. காரணம் எளிது. "எப்படித் தெரியும்" என்பதைப் படம் பிடித்து விற்கலாம். சாண்டோ தன் படங்களையும் புத்தகங்களையும் பயிற்சிக் கருவிகளையும் விற்றார். 1920களில் அமெரிக்காவில் சார்ள்ஸ் அட்லஸ் என்பவர் தபால் வழிப் பாடம் விற்றார். கடற்கரையில் அவமானப்பட்ட ஒல்லி இளைஞன் பயிற்சி செய்து பலசாலியாகும் சித்திரக் கதைதான் அவருடைய விளம்பரம். என்னை மயங்க வைத்த காணொளி அந்த விளம்பரத்தின் கொள்ளுப்பேத்தி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆண்களுக்கு "பெருகு" என்று சொல்லப்பட்ட அதே காலத்தில் பெண்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? "ஓடாதே." ஓடினால் கர்ப்பப்பை பாதிக்கும், பெண்மை போய்விடும் என்று வைத்தியர்களே எழுதினார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் வைத்தார்கள். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால் பாதிப் பேர் மயங்கி விழுந்ததாகச் சில பத்திரிகைகள் பொய் எழுதின. அதையே சாட்டாக வைத்து, 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் நடத்தப்படவில்லை. முப்பத்திரண்டு வருடங்கள்! நான் விழுந்ததும் அதே 800 மீற்றரில்தான். ஆனால் நான் விழுந்தது பெண் என்பதால் அல்ல, பட்டினி கிடந்ததால்.

1967இல் பொஸ்டன் மரதனில் கெத்ரின் ஸ்விட்சர் இலக்கம் அணிந்து ஓடியபோது, ஏற்பாட்டாளர் ஒருவர் நடுவீதியில் அந்த இலக்கத்தைப் பிடுங்கப் பார்த்தார். அவர் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மரதன் 1984இல் லொஸ் ஏஞ்சலிஸில்தான் வந்தது. அதே ஒலிம்பிக்கில் மொரோக்கோவைச் சேர்ந்த நவால் அல் முதவக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் தங்கம் வென்றார். தலையை மறைத்து விளையாடுவதற்குச் சர்வதேச உதைபந்தாட்டத்தில் 2014இலும் கூடைப்பந்தாட்டத்தில் 2017இலும் அனுமதி கிடைத்தது. நம் நாட்டுக்கு 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரில் பதக்கம் கொண்டுவந்ததும் ஒரு கிராமத்துப் பெண்ணான சுசந்திகா ஜயசிங்கதான்.

பெண் ஓடுவது புதுமை என்று நினைப்பவர்களுக்கு நம் வரலாற்றிலேயே பதில் உண்டு. பிரயாணம் ஒன்றில் ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடி முந்திய செய்தி அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. பின்னர் உடம்பு சற்றுப் பருத்த காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தி, முன்னைய தோல்விக்கு இது ஈடு என்ற கருத்தில் சொன்னார்கள். பருத்ததற்காக ஏளனம் இல்லை. பருத்துவிட்டாயே, இனி ஓடாதே என்ற தடையும் இல்லை. ஒரு பெண்ணின் உடல் மாறுவதை இவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்ட சம்பவத்தைப் படித்தபோது என் மனம் இலேசானது.

இனி, உபதேசம் விஞ்ஞானமான கட்டத்துக்கு வருவோம். உடற்பயிற்சி இல்லாவிட்டால் இதயம் கெடும் என்பது இன்று சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 1950க்கு முன்னர் அது நிரூபிக்கப்பட்ட விடயமல்ல. அதை ஆராய்ந்தவர் ஜெரி மொரிஸ் என்ற பிரித்தானிய வைத்தியர். லண்டனின் இரட்டைத் தட்டு பஸ்களில் சாரதியும் நடத்துனரும் ஒரே பஸ்ஸில், ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்து வேலை செய்தார்கள். சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். நடத்துனர் பயணச்சீட்டுக் கொடுக்க ஒரு நாளில் ஏறக்குறைய 600 படிகள் ஏறி இறங்கினார். 1953இல் வெளியான ஆய்வின்படி, நடத்துனர்களுக்கு மாரடைப்புக் குறைவு. வந்தாலும் உயிர் தப்பியவர் அதிகம். 1956இல் மொரிஸ் குழுவினர் பஸ் ஊழியர்களின் சீருடை அளவுகளையே எடுத்துப் பார்த்தார்கள். சாரதிகளின் காற்சட்டை இடுப்பு நடத்துனர்களுடையதைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியானால் சாரதிகள் ஆரம்பத்திலிருந்தே பருமனானவர்களாக இருந்திருக்கலாமே என்ற கேள்வியையும் அவர்களே எழுப்பினார்கள். நேர்மையான ஆராய்ச்சிக்கு அது நல்ல உதாரணம். பின்னர் வந்த பல ஆய்வுகள் அசைவின் நன்மையை உறுதி செய்தன. மொரிஸ் தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்தார்.

1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் காலடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் பெயருக்கு "பத்தாயிரம் அடி மானி" என்று பொருள். இன்று எல்லாத் தொலைபேசிகளும் கேட்கும் பத்தாயிரம் அடிக் கணக்கு அந்தப் பெயரோடுதான் பரவியது, ஆய்வுகூடத்தில் பிறந்ததல்ல. 2019இல் வயது முதிர்ந்த அமெரிக்கப் பெண்கள் 16,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட மரண ஆபத்துக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் நன்மை பெரிதாகக் கூடவில்லை. "பத்தாயிரம் என்னால் முடியாது" என்று உட்கார்ந்துவிடும் உம்மாமாருக்கு இது நல்ல செய்தி.

இந்த ஆய்வுகள் ஏன் தேவைப்பட்டன? வேலை உடலை விட்டுப் போய்க்கொண்டிருந்ததால். நம் ஊரிலும் அதுவே நடந்தது; யாரும் கவனிக்காமல் நடந்தது. உரலின் இடத்துக்கு அரிசி ஆலை வந்தது. துலாவின் இடத்துக்குக் குழாய் வந்தது. விறகின் இடத்துக்கு காஸ் வந்தது. அம்மியின் இடத்துக்கு மிக்சி வந்தது. மூத்தம்மா கிண்ணியாவில் இருந்த காலத்தில், திருகோணமலைக்கு வருவதென்றால் துறையடி வரை நடந்து, பாதையில் ஏறி, அக்கரையில் இறங்கி மீண்டும் நடக்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. இப்போது மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடம். பாலத்தையும் குழாயையும் நான் குறை சொல்லவில்லை. நெல்லுக் குத்திய கைகளின் வலியை மூத்தம்மாவிடம் கேட்டால் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான்: வேலை போனது நல்லது, ஆனால் அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை. கோதுமை மாவும் சீனியும் எண்ணெயும் மட்டும் தாராளமாக வந்தன.

விளைவு உடலில் தெரிகிறது. 1914இல் பதினெட்டு வயதாக இருந்தவர்களையும் 2014இல் பதினெட்டு வயதாக இருந்தவர்களையும் 200 நாடுகளில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதன்படி கொரியப் பெண்கள் நூறு வருடங்களில் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறார்கள். ஈரானிய ஆண்கள் சுமார் 16 சென்ரிமீற்றர். நல்ல உணவும் நோயற்ற குழந்தைப் பருவமும் எலும்பையே நீட்டுகின்றன என்பதற்கு இது சான்று. தெற்காசியாவில் உயரம் மிகக் குறைவாகவே கூடியது. இடுப்பு மட்டும் வேகமாகக் கூடிவிட்டது. 2015இல் நடந்த தேசிய ஆய்வின்படி இலங்கையின் வளர்ந்தவர்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் அதிக எடை உள்ளவர்கள். பெண்களில் மூன்றில் ஒருவர்.

உடல் இப்படி ஒரு பக்கம் போக, காட்டப்படும் உடல் வேறு பக்கம் போனது. 1958இல் தசை பெருக்கும் ஸ்டீரொயிட் மாத்திரை ஒன்று சந்தைக்கு வந்தது. அதன் பிறகு மேடையில் நின்ற ஆணழகர்களின் உடல், உணவாலும் பயிற்சியாலும் மட்டும் அடையக்கூடிய எல்லையைத் தாண்டிச் சென்றது. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒரு போர்வீரன் பொம்மையை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். அது மனித உயரத்தில் இருந்தால், 1964இல் அதன் புயம் சுமார் 12 அங்குலம். 1998இல் சுமார் 26 அங்குலம். அப்படியொரு மனிதன் நடமாடுவது மிக அரிது. என் நானா வாங்கி வைத்திருக்கும் மாவு டின்னில் இருக்கும் படமும் அந்த ரகம்தான். புரத மா விஷமல்ல. ஆனால் தசைக்குத் தேவையான புரதம் முட்டையிலும் மீனிலும் பருப்பிலும் கடலையிலும் இருக்கிறது. கடல் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு டின்னில் புரதம் தேடுவதைப் பார்த்து வாப்பா சிரிக்கிறார்.

பெண்களுக்கு நடந்ததைப் பிஜித் தீவின் கதை சொல்கிறது. அங்கே நிறைந்த உடலே அழகென்று மதிக்கப்பட்டது. 1995இல் ஒரு பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களிலும் மூன்று வருடங்கள் கழித்தும் பாடசாலை மாணவியரை ஆராய்ந்தார். எடையைக் குறைக்கத் தாமே வாந்தி எடுத்தவர்கள் முதலில் ஒருவரும் இல்லை. 1998இல் 11 சதவீதம். தாம் மிகவும் பருமன் என்று எண்ணியவர்கள் 74 சதவீதம். அந்தப் பிள்ளைகளின் வயது என் வயது. அவர்கள் வீட்டில் இருந்தது ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. நம் தலையணைக்கடியில் இருப்பதோ ஒருபோதும் அணையாத திரை.

நோன்பு பிடிக்கிறோமே, அப்போது மயங்குவதில்லையே என்று ஒரு தோழி என்னிடம் கேட்டாள். நோன்புக்கு ஸஹர் உண்டு, நோன்பு திறத்தல் உண்டு, நோயாளிக்குச் சலுகை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கு ஒரு நோக்கம் உண்டு. நான் செய்தது அது எதுவுமில்லை. வளரும் உடலுக்குத் தேவையானதை ஒளித்து வைத்துவிட்டு அதை ஓடவும் சொன்னேன். பெண்களின் எலும்பு வலிமையில் ஏறக்குறைய 90 சதவீதம் பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இந்த வயதில் சாப்பாட்டையும் ஓட்டத்தையும் விட்டவள் அதன் கடனை அறுபது வயதில் முறிந்த இடுப்பெலும்பால் கட்ட நேரலாம்.

அப்படியானால் இன்று நம்பக்கூடிய உபதேசம் எது? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் மிக எளிமையானது. 5 முதல் 17 வயதுவரை, சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் அசைவு. அதில் வாரத்தில் மூன்று நாட்களாவது ஓட்டம், கயிறடித்தல் போன்ற கடின அசைவு. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் விறுவிறு நடை. இரண்டு நாட்கள் தசைக்கு வேலை. விறுவிறு நடை என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: நடக்கும்போது பேச முடியும், நஷீத் பாட முடியாது. இடுப்பளவு பற்றியோ நிறம் பற்றியோ இதில் ஒரு சொல்கூட இல்லை. இதற்கு ஜிம்மும் வேண்டாம், டின்னும் வேண்டாம். ஆனாலும் 2016ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலகில் 11 முதல் 17 வயதுவரையான பெண் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை.

பெற்றோரிடம் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பத்து வயது வரை நாங்கள் முற்றத்தில் கிளித்தட்டு விளையாடுகிறோம். வயதுக்கு வந்த மறுநாள் அது நின்றுவிடுகிறது. நிற்க வேண்டாம். மூத்தம்மாவின் காலத்தில் விளையாட்டு நின்றாலும் உலக்கை இருந்தது. எங்களுக்கு உலக்கையும் இல்லை, விளையாட்டும் இல்லை. உயர்ந்த மதிலுள்ள எங்கள் கல்லூரி மைதானம் இருக்கிறது. பாடவேளையில் "சுகாதாரமும் உடற்கல்வியும்" இருக்கிறது. அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கேட்டு வாங்காதீர்கள்.

நான் மயங்கி விழுந்த அதே மாதம் உம்மாவுக்கு நீரிழிவு என்று கிளினிக்கில் சொன்னார்கள். "நடங்க" என்றார் வைத்தியர். நடந்தால் சீனி ஏன் குறைகிறது என்று நான் தேடிப் படித்தேன். இரத்தத்தில் உள்ள சீனியை உள்ளே எடுக்கும் பெரிய களஞ்சியம் தசைதான். தசை வேலை செய்யும்போது, இன்சுலின் குறைவாக இருந்தாலும் அதன் கதவுகள் திறந்து சீனியை உறிஞ்சிக்கொள்கின்றன. மருந்தை விடச் சொல்வதல்ல இது, மருந்துக்குத் துணை. விளக்கிச் சொன்னதும் உம்மாவுக்குப் பிடித்துக்கொண்டது. ஆனால் "ரோட்டில நடந்தா ஊர் என்ன சொல்லும்?" என்றார்.

வாப்பா காவலுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மூவரும் உட்துறைமுக வீதியில் நடக்கத் தொடங்கினோம். முதல் நாள் இருபது நிமிடத்தில் முதலில் மூச்சு வாங்கி உட்கார்ந்தது காவலுக்கு வந்தவர்தான். மூத்தாப்பா சுமை தூக்கிய துறைமுகத்தை அங்கிருந்து பார்க்கலாம். சுமைகளை இப்போது இயந்திரங்கள் தூக்குகின்றன. அவருடைய மகன் மூச்சு வாங்கியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதங்களாக நடக்கிறோம். உம்மாவின் எடை பெரிதாகக் குறையவில்லை; சீனியின் அளவு குறைந்திருக்கிறது, படியேறும்போது முழங்காலைப் பிடிப்பதும் நின்றிருக்கிறது. ஊர் இரண்டு வாரம் பேசியது. மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு மாமியும் எங்களோடு சேர்ந்துகொண்டார். காலையில் முட்டையும் பிட்டும் சாப்பிட்டுவிட்டு நான் பாடசாலைக்கு வருகிறேன். இந்த வருட 800 மீற்றரில் நான்காவதாக வந்தேன். பதக்கம் இல்லை. ஆனால் இரண்டு சுற்றையும் முடித்தேன். மதிலோரம் நின்ற உம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மைதானம் முழுக்கக் கேட்டது.